ஆன்டிபயாட்டிக்கால் கெட்ட குடலைப் புரோபயாட்டிக் மீட்டுத் தருமா?

வாசகியின் கேள்வி: எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன் சிறுநீர்த் தொற்றுக்காக ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். தொற்று திரும்ப வந்ததால் இரண்டு மாதம் கழித்து வேறொரு ஆன்டிபயாட்டிக்கைப் பத்து நாள் கொடுத்தார்கள். அப்போது சர்க்கரையும் ஏறியிருந்ததால், காலையும் இரவும் எடுத்துவந்த மெட்ஃபார்மின் 500-ஐ 1000 ஆக்கினார்கள். அதிலிருந்து வயிறு உப்புசமாக இருக்கிறது. சாப்பிட்டு எழுந்தவுடன் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு வருடமாகத் தினமும் கேஸ் மாத்திரையும் போடுகிறேன். ‘நல்ல கிருமிகள் அழிந்துவிட்டன’ என்று சொல்லி மருந்துக்கடையில் கொடுத்த புரோபயாட்டிக் காப்ஸ்யூலை மூன்று மாதமாகச் சாப்பிட்டும் பெரிய மாற்றம் இல்லை. 500 கோடி உயிருள்ள கிருமிகள் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. லாக்டோபேசில்லஸ் முதல் சாக்கரோமைசிஸ் போலார்டி வரை பல பெயர்கள் இருக்கின்றன. கீமோதெரபி எடுத்துவரும் என் மாமியாருக்கும் வயிறு சரியில்லாததால், அதையே பிரித்து மோரில் கலந்து கொடுக்கிறேன். என் தங்கை மகனோ, மலத்தைச் சோதனைக்கு அனுப்பி எந்தக் கிருமி குறைகிறது என்று பார்த்துவிட்டு, 10,000 கோடி உள்ள காப்ஸ்யூலுக்கு மாறச் சொல்கிறான். புரோபயாட்டிக்கால் நல்ல பாக்டீரியாக்கள் உண்மையிலேயே திரும்புமா? தயிரும் பழைய சோறும் போதாதா?

மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கேள்விக்குப் போகுமுன், நீங்கள் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாருக்கு அந்தக் காப்ஸ்யூலைக் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். கீமோதெரபியில் இருப்பவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறையும் நாட்களில், குடலின் உட்சுவரும் புண்பட்டிருக்கக்கூடும் என்பதால், மற்றவர்களுக்குத் தீங்கில்லாத கிருமிகூட இரத்தத்திற்குள் நுழைந்து தொற்றாக மாற வாய்ப்புண்டு. சாக்கரோமைசிஸ் போலார்டி என்பது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். அது இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தான நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால், தீவிர சிகிச்சையில் இருப்போருக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும், மைய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டோருக்கும் இதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்திருக்கிறது. கீமோ மருந்து ஏற்றுவதற்காக அவர்களுக்கு மார்பில் போர்ட் (மைய இரத்தக்குழாய்க்குள் போகும் குழாயோடு கூடிய சிறு கருவி) வைத்திருந்தால், காப்ஸ்யூலை அவர்கள் பக்கத்தில் வைத்துப் பிரிப்பதும் வேண்டாம்; பிரிக்கும்போது காற்றிலும் கையிலும் படியும் தூள் அந்தக் குழாய் வழியாக உள்ளே போன சம்பவங்களும் உண்டு. இத்தனை நாள் கொடுத்ததற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குக் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், இந்த விவரத்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கீமோவின்போது வயிற்றுப்போக்கு வந்தால் அதற்கான காரணத்தை அவரே பார்த்துச் சொல்வதுதான் முறை.

இனி உங்கள் கேள்வி. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் தந்த வரையறையின்படி, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு ஒரு நன்மையைத் தரும் உயிருள்ள நுண்ணுயிரியே புரோபயாட்டிக். இழந்த பாக்டீரியாக்களைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற பேச்சு அந்த வரையறையில் எங்கும் இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டது விற்பனைத் துறைதான். வயிற்றுப்போக்கு ஒரு நாள் முன்னதாக நிற்பது ஒரு நன்மை. ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பு குடலில் இருந்த நூற்றுக்கணக்கான இனங்கள் அதே விகிதத்தில் திரும்ப அமைவது முற்றிலும் வேறொரு காரியம். முதலாவதைச் சில புரோபயாட்டிக்குகள் சில நேரங்களில் செய்கின்றன. இரண்டாவதைச் செய்யும் காப்ஸ்யூல் எதுவும் நம் மருந்துக்கடைகளில் இல்லை என்பதே என் துணிபு.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஒரு மனிதரின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் வாழ்கின்றன. நீங்கள் சாப்பிடும் 500 கோடி என்பது அதில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் தங்கை மகன் சொல்லும் 10,000 கோடியும் முந்நூற்று எண்பதில் ஒரு பங்குதான். எண்ணிக்கையைவிட முக்கியமானது, அவை யார் என்பது. பெருங்குடலில் பிராணவாயுவே இல்லாத சூழலில் வாழ்ந்து, நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, குடல் சுவரின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தைத் தயாரிக்கும் ஃபீகாலிபாக்டீரியம், ரோஸ்பூரியா போன்றவை அங்கே முக்கியமான குடிகள். காற்றுப் பட்டால் இவை மடிந்துவிடும் என்பதால், உலர்த்திக் காப்ஸ்யூலில் அடைத்து மாதக்கணக்கில் கடை அலமாரியில் வைப்பது எளிதல்ல. காப்ஸ்யூலில் இருப்பவை பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். தயாரிப்பதற்கும் உலர்த்துவதற்கும் தாக்குப்பிடிப்பவை. வளர்ந்த மனிதரின் மலத்தில் உள்ள பாக்டீரியாக்களில் லாக்டோபேசில்லஸ் பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, தொலைந்தவர்கள் ஒரு கூட்டம், அனுப்பப்படுபவர்கள் வேறொரு கூட்டம்.

அனுப்பப்பட்டவர்களாவது தங்குகிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடந்த ஏழு ஆய்வுகளைக் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஒன்றைத் தவிர மற்றவற்றில் புரோபயாட்டிக் எடுத்தவர்களின் மல பாக்டீரியாக்களின் ஒட்டுமொத்த அமைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. தேர்த்திருவிழாவுக்கு வந்து சேரும் வெளியூர்க் கூட்டம் போன்றவை இவை: இருக்கும் நாட்களில் தெருவெல்லாம் நிறைந்திருக்கும், கடைகளில் வியாபாரம்கூட நடக்கும், தேர் நிலைக்கு வந்ததும் அவரவர் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக்கால் அழிந்தவை எப்படித் திரும்புகின்றன? பெரும்பாலும் தாமாகவே திரும்புகின்றன. டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மெரோபெனம், ஜென்டாமைசின், வான்கோமைசின் ஆகிய மூன்று வீரியமான மருந்துகளை நான்கு நாட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. சுமார் ஒன்றரை மாதத்தில் அவர்களுடைய குடல் ஏறக்குறைய பழைய நிலையை எட்டிவிட்டது. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த ஒன்பது இனங்கள், ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானோரிடம் காணப்படவில்லை. மீட்சி நடக்கிறது, ஆனால் முழுமையாக அல்ல என்று இதை எடுத்துக்கொள்ளலாம். தேவையில்லாத சளிக் காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும் நம் பழக்கத்திற்கு எதிராக இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்தது அவசியமான சிகிச்சை என்பதால் அந்தக் குற்றச்சாட்டு உங்களுக்குப் பொருந்தாது.

அதே 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரன் எலினாவ், எரன் செகல் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் ஒரு வாரம் எடுத்துக்கொண்ட 21 பேரை அவர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் விட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே சேமித்து வைத்த அவரவர் மலத்தையே திரும்பக் குடலுக்குள் செலுத்தினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு 11 ரகங்கள் கொண்ட புரோபயாட்டிக்கைக் கொடுத்தார்கள். சொந்த மலத்தைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களிலும், எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்கள் மூன்று வாரத்திலும் பழைய நிலையை நெருங்கினார்கள். புரோபயாட்டிக் எடுத்தவர்களிடம் அந்தக் காப்ஸ்யூலின் கிருமிகள் குடல் சுவரில் நன்றாகவே இடம்பிடித்தன. ஆனால் அவர்களுடைய சொந்தக் கிருமிகள் திரும்புவது ஐந்து மாதம் வரை தாமதமானது. லாக்டோபேசில்லஸ் வெளியிடும் சில பொருட்கள் மற்றப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் ஆய்வகத்தில் தெரியவந்தது.

இந்த ஆய்வைக் காட்டி, புரோபயாட்டிக் தீங்கானது என்று பேசுபவர்களும் இருக்கிறார்கள், அது மிகைப்படுத்தல். 21 பேர் மட்டுமே கொண்ட ஆய்வு அது. ஒரே ஒரு தயாரிப்பைத்தான் சோதித்தார்கள். பார்த்தது பாக்டீரியாக்களின் கணக்கை, நோயாளியின் வயிற்றுத் தொல்லையை அல்ல. இருந்தாலும், ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகு மாதக்கணக்கில் காப்ஸ்யூல் சாப்பிட்டால்தான் குடல் தேறும் என்ற நம்பிக்கைக்கு அது நேர் எதிரான சான்று. பயன் உறுதியாகாத ஒன்றுக்கு மாதாமாதம் பணம் செலவழிப்பதை நிறுத்த இவ்வளவு சந்தேகமே போதும் என்று நான் நினைக்கிறேன்.

அதனால் புரோபயாட்டிக் எங்குமே பயன்படாது என்று பொருளல்ல. ஆன்டிபயாட்டிக் எடுக்கும் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கை நூற்றுக்குச் சுமார் 19-இலிருந்து 8 ஆக அவை குறைப்பதாக, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டுகிறது. மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் எடுப்போரைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்ற கடுமையான குடல் தொற்றைத் தடுப்பதிலும் ஓரளவு பலன் உண்டு. அதே வேளையில், பிரிட்டனில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன கிட்டத்தட்ட மூவாயிரம் பேரிடம் நடந்து 2013-இல் வெளியான பெரிய ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான சான்று நம் நாட்டிலிருந்தே வந்தது. ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த நான்காயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிசுக்களிடம் நடந்த ஆய்வில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஒரு ரகத்தை, அதற்கு உணவாகும் சர்க்கரைப் பொருளோடு சேர்த்து ஏழே நாட்கள் கொடுத்ததில், இரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்த விகிதம் 9 சதவிகிதத்திலிருந்து 5.4 சதவிகிதமாகக் குறைந்தது. 2017-இல் வெளியான முடிவு அது. பிறந்த சிசுவின் குடலில் அப்போதுதான் குடியேற்றம் தொடங்குகிறது, இடம் காலியாக இருக்கிறது; 54 வயதுக் குடலின் நிலை வேறு.

இந்த வெற்றிகள் எல்லாவற்றிலும் இரண்டு செய்திகள் பொதுவாக இருக்கின்றன. ஒன்று, பலன் தந்தது ‘புரோபயாட்டிக்’ என்ற பொதுப்பெயர் அல்ல, பெயரும் எண்ணும் குறித்த ஒரு ரகம். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற ரகத்துக்குக் கிடைத்த சான்றை, பெட்டியில் ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் அச்சிட்ட தயாரிப்பு தன்னுடையதாக்கிக்கொள்ள முடியாது. மற்றொன்று, காலம். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதானால் ஆன்டிபயாட்டிக்கின் முதல் ஓரிரு நாட்களுக்குள்ளேயே இவற்றைத் தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் தொடங்கியது எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. மெட்ஃபார்மினை இரட்டிப்பாக்கியதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ முதல் சந்தேகம் அதன்மேல்தான். இந்த மாத்திரை எடுப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வயிறு உப்புசம், குமட்டல், உணவுக்குப் பின் அவசரமாக மலம் போவது போன்ற தொல்லைகள் வருகின்றன. அளவைக் கூட்டும்போது, அதுவும் ஒரேயடியாகக் கூட்டும்போது, இதுவரை ஒத்துப்போன மருந்தே திடீரென்று ஒத்துவராமல் போகலாம். ஆன்டிபயாட்டிக்கும் இந்த மாற்றமும் ஒரே சமயத்தில் நடந்ததால் பழி முழுவதும் ஆன்டிபயாட்டிக்கின்மேல் விழுந்துவிட்டது. மெட்ஃபார்மின் குடல் பாக்டீரியாக்களையே மாற்றியமைக்கும் மருந்து என்பதும் தெரிந்ததே. சர்க்கரை நோயாளிகளின் குடலில் காணப்பட்ட மாற்றங்கள் சில, நோயால் வந்தவை அல்ல, இந்த மாத்திரையால் வந்தவை என்று 2015-இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஆகவே நீங்கள் கொடுக்கும் மலத்தைச் சோதித்து ஓர் ஆய்வகம் ‘சமநிலை கெட்டிருக்கிறது’ என்று அறிக்கை தந்தாலும், அது மெட்ஃபார்மினின் கைவரிசையாகவே இருக்கலாம்.

தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை மருத்துவரிடம் இந்தத் தொல்லையைச் சொல்லி, மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகைக்கு மாற்றலாமா, அளவைக் குறைத்துவிட்டு வேறு மருந்தைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே சில வாரங்களில் வயிறு அடங்கிவிடுகிறது. நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால், அதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் இரைப்பை அமிலத்தை அடக்குவதால், அந்த அமிலத்தில் மடிய வேண்டிய வாய்க் கிருமிகள் குடல்வரை போய்ச் சேர்கின்றன; டிஃபிசைல் தொற்றின் வாய்ப்பும் கூடுகிறது. நல்ல பாக்டீரியாவுக்கென்று ஒரு மாத்திரையும், அவற்றின் சூழலைக் கலைக்கும் ஒரு மாத்திரையும் ஒரே காலையில் விழுங்குவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பது, முன்பு வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தது போன்ற காரணங்கள் உங்களுக்கு இல்லையென்றால், அதைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென்று விட்டால் சில நாட்களுக்கு நெஞ்செரிச்சல் கூடும்.

தயிர், பழைய சோறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் ஏராளம். ஆனால் எந்த ரகம், எத்தனை என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும். அதனால் அதை மருந்தாகக் கணக்கில் எடுக்க முடியாது, நல்ல உணவு என்று தாராளமாகச் சொல்லலாம். புரோபயாட்டிக்கால் உடலுக்கு இன்ன நன்மை என்று சொல்லி விற்க அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பெரும்பாலும் நிராகரித்துவிட்ட ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தயிரின் உயிருள்ள கிருமிகள் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்க உதவுகின்றன என்பதை மட்டும் 2010-இல் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு இப்போது பால், காப்பி குடித்தபின் உப்புசம் அதிகமானால் இரண்டு வாரம் பாலைத் தவிர்த்துத் தயிர், மோரோடு இருந்து பாருங்கள். இட்லி, தோசை மாவு நன்றாகப் புளித்ததுதான் என்றாலும், வேகும்போதே கிருமிகள் இறந்துவிடுகின்றன. சுவைக்காகவும் செரிமானத்துக்காகவும் சாப்பிடலாம்.

பழைய சோற்றில் எனக்குப் பிடித்தது அதிலுள்ள கிருமிகளைவிட அதிலுள்ள மாவுச்சத்து. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறி, பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இப்படிச் செரிக்காத மாவுச்சத்தை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலில் கலந்து கொடுத்தபோது, வயிற்றுப்போக்கின் அளவும் அது நீடிக்கும் நேரமும் குறைந்தன. 2000-ஆம் ஆண்டிலேயே வெளியான ஆய்வு அது. வெளியிலிருந்து கிருமி எதையும் அனுப்பாமல், உள்ளே எஞ்சியிருந்தவற்றுக்குச் சோறு போட்டே அங்கே பலன் கண்டார்கள். உங்கள் குடலுக்கும் நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். காராமணி, கொண்டைக்கடலை, கேழ்வரகு, வாழைத்தண்டு, கீரை, சின்ன வெங்காயம் என்று வகை வகையாகச் சேருங்கள். ஆனால் உப்புசம் இருக்கும்போது ஒரேயடியாகக் கூட்டினால் தொல்லை அதிகமாகும் என்பதால், வாரத்துக்கு ஒன்றாக, சிறிய அளவில் தொடங்குங்கள். பயறுகளை இரவு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். பழைய சோறும் சோறுதான், சர்க்கரையை ஏற்றவே செய்யும். ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். உணவால் உடனே எல்லாம் மாறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை: ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் புளிக்கவைத்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியா வகைகள் கூடின; நார்ச்சத்தைக் கூட்டியவர்களிடம் அந்தக் காலத்துக்குள் அவ்வாறு கூடவில்லை.

மலச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆரோக்கியமான குடலின் அளவுகோல் இது என்று ஒரு பட்டியல் இன்றுவரை வகுக்கப்படவில்லை. குடல் சுவரில் ஒட்டி வாழ்பவற்றை மலம் சரியாகக் காட்டுவதும் இல்லை. அறிக்கையைத் தருபவர்களே அதற்கேற்ற காப்ஸ்யூலையும் விற்பதைப் பார்த்தால், சந்தேகப்படுவதே நல்லது. உண்மையான மீட்பு என்று சொல்லத்தக்கது, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள பாக்டீரியாக் கூட்டத்தை அப்படியே மாற்றிச் செலுத்தும் சிகிச்சை. திரும்பத் திரும்ப வந்த டிஃபிசைல் தொற்றுக்கு நெதர்லாந்தில் இதைச் செய்தபோது முதல் முறையிலேயே 81 சதவிகிதத்தினர் குணமானார்கள் என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. அந்த நோய்க்கான சிகிச்சை அது, உப்புசத்துக்கானது அல்ல.

உங்கள் காப்ஸ்யூலை இப்போது நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். நிறுத்துவதால் தொல்லை அதிகமாகாது. சிலருக்கு உப்புசம் குறையவும் செய்கிறது. அதன்பிறகு மெட்ஃபார்மின், அதற்கடுத்துக் கேஸ் மாத்திரை என்று மருத்துவரின் ஆலோசனையோடு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் காத்திருக்க வேண்டாம், டிஃபிசைல் நச்சுக்கான மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ஐம்பதைத் தாண்டிய வயதில் மலம் கழிக்கும் பழக்கம் மாதக்கணக்கில் மாறியிருப்பதால், மருந்துகளை மாற்றியும் ஆறு வாரத்தில் சரியாகவில்லை என்றால் கொலனோஸ்கோப்பி ஒன்று செய்துகொள்வதைப் பற்றி அவரிடம் பேசுங்கள்.